சப்டைட்டில் சாரின் பூரிக்கட்டைகள்

பூனாவிலிருந்த அத்தனை தமிழ் டீச்சர்களின் வயிற்றெரிச்சலையும் ஒரே ஆளாகக் கொட்டிக்கொண்டவர் சப்டைட்டில் சார். அத்தனை என்றால் என்னையும் சேர்த்து மூன்று பேர். மற்ற இருவரும் சீக்கிரமே ஆறிவிட்டார்கள். என் வயிறு மட்டும் வருஷக்கணக்கில் எரிந்துகொண்டிருந்தது.

இரண்டாயிரத்தின் ஆரம்ப வருஷங்கள். வானவடியில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் ஹாலில் ஞாயிறு காலைகளில் தமிழ் வகுப்பு நடத்தினோம். வாரம் முழுக்க வங்கியில் இருக்கும் நான் அன்று மட்டும் டீச்சர். எழுது, அழி, மறுபடி எழுது. அதுதான் என் முறை. தமிழில் வாயாடும் பிள்ளைகள், தமிழ் எழுத்தைக் கண்டால் கொட்டாவி விட்டார்கள்.

அங்கேதான் ஆகுர்டியிலிருந்து வந்து இறங்கினார் அவர். மோட்டார் கம்பெனியில் சூப்பர்வைசர், கோயமுத்தூர்க்காரர். ஸ்கூட்டரின் பின்சீட்டில் ஒரு டி.வி. பெட்டி, போர்வை சுற்றி, கயிறு கட்டி, மேலே ஹெல்மெட் மாட்டி உட்கார்ந்திருந்தது. பூனாவில் மனுஷனே ஹெல்மெட் போடாத காலம் அது. வழியில் போலீஸ்காரர் மறித்து, "ஹே காய், காகா?" என்று மராத்தியில் அதட்டினாராம், என்ன இது என்று. "டீச்சர், சாஹேப்!" என்று பின்சீட்டைக் காட்டிவிட்டு இவர் வந்துவிட்டாராம்.

படம் ஓடும்போது கீழே தமிழிலேயே வசனமும் ஓடினால் பிள்ளைகள் தானாகப் படித்துவிடுவார்கள் என்பது அவர் கட்சி. அப்படிப்பட்ட தமிழ்ப் பட சி.டி. எந்தக் கடையிலும் இல்லை. மனுஷர் அசரவில்லை. ஒரு பலகையின் இரு முனையிலும் பூரிக்கட்டைகளை நிறுத்தினார். நீளக் காகிதத்தில் வசனத்தையெல்லாம் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சுற்றினார். டி.வி.க்குக் கீழே பலகையை வைத்து, தரையில் சம்மணம் போட்டுக் கட்டையைத் திருகுவார். மேலே படம், கீழே தமிழ்!

சில நாள் கை பிந்திவிடும். கதாநாயகன் குண்டடிபட்டு விழும்போது, கீழே "காபி ஆறுகிறது, குடியுங்கள்" என்று ஓடும். பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரிப்பார்கள்.

என் வகுப்பு கரைய ஆரம்பித்தது. ஒரு ஞாயிறு என் ஒன்பது வயது மகள் நித்யாவே பையைத் தூக்கினாள். "அம்மா, உன் க்ளாஸ்ல எப்பப் பாரு லிக்கோ, லிக்கோதான், எழுதி எழுதிக் கையே வலிக்குது. நான் சப்டைட்டில் சார்கிட்ட போறேன்."

பெற்ற பெண்! எனக்கு அடிவயிற்றில் மிளகாய் அரைத்த மாதிரி இருந்தது.

டீச்சர்கள் கூட்டத்தில் வெடித்துவிட்டேன். "சார், இது பாடமா, பயாஸ்கோப்பா? பிள்ளைங்க காதால கேக்கறாங்க, வாயால ஒப்பிக்கறாங்க. உங்க காகிதத்தை யார் பாக்கறா?"

"காது முன்னால போகுமுங்க டீச்சர். கண்ணு மெதுவாப் பின்னாலயே வந்துருமுங்க."

"அப்படின்னா அடுத்த வாரம் சத்தத்தை மூடிட்டு ஓட்டுங்க, பாக்கலாம்!"

"ஆகட்டுமுங்க" என்றார், டீ வேண்டுமா என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல.

அடுத்த ஞாயிறு அவர் தோற்பதைப் பார்க்க முதல் வரிசையில் இடம் பிடித்தேன். புதுப் படம், புதுக் காகிதம். திரையில் ஒரு அப்பா சத்தமில்லாமல் வாயசைத்தார். ஹாலில் மூச்சு விடும் சத்தம்கூட இல்லை. எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது.

"எங்... கே... போனாய்?" என்றது ஒரு குரல். நித்யா! அப்புறம் இன்னொரு குரல், இன்னொன்று. ஒரு பையன் அப்பாவுக்குக் கட்டைக்குரல் கொடுத்தான், நித்யா அம்மாவானாள். என் வகுப்பில் மூன்றெழுத்துச் சொல்லுக்கே முழித்தவள், "மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று ஒரே மூச்சில் படித்தாள். அவள் எனக்கு ஒரு நாள்கூட இப்படிப் படித்துக் காட்டியதில்லை. பெருமைப்படுவதா, எழுந்து போவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

திடீரென்று அவள் நிறுத்தினாள். "சார், மிஸ்டேக்! 'அளுகை'ன்னு எழுதிருக்கீங்க. அதுக்கு ழ போடணும். எங்கம்மா சொல்லிக் கொடுத்திருக்காங்க."

பூரிக்கட்டை நின்றது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "உங்கம்மா சொன்னாச் சரிதானுங்க அம்மிணி. எனக்கு அந்த மூணு ல-வும் சின்ன வயசிலிருந்தே தகராறு" என்று சொல்லி, பேனாவை என்னிடமே நீட்டினார். படம் பாட்டுக்கு மேலே ஓட, தரையில் குந்தி அவர் காகிதத்தில் 'ழ' எழுதினேன்.

அதன் பிறகு வாராவாரம் காகிதச் சுருளை என்னிடம் காட்டித் திருத்திக்கொண்டுதான் படம் போட்டார். சிவப்பு மையால் கிழித்தெடுத்தேன். பொறாமை போயிற்றா? எங்கே போகும்! நான் திருத்திய தமிழுக்கும் சேர்த்து அவருக்கல்லவா கைதட்டினார்கள்!

இரண்டு வருஷம் கழித்து வேலை மாற்றலாகிக் கோயமுத்தூருக்கே போய்விட்டார். அடுத்த ஞாயிறு பிள்ளைகள் அத்தனை பேரும் என் வகுப்பில். உட்கார இடமில்லை. எத்தனை நாள் ஆசைப்பட்ட காட்சி!

தலைவலி என்று சொல்லி, அன்றைக்கு வகுப்பைச் சீக்கிரமே விட்டுவிட்டேன்.