அப்பாவின் முழு லைசென்ஸ்

மனித குலம் இரண்டு வகைப்படும்: கிளட்ச் மிதிப்பவர்கள், மிதிக்காதவர்கள். முதல் வகையினர் போர், பஞ்சம், வெள்ளம் எது வந்தாலும் நிமிர்ந்து நிற்பார்கள். இரண்டாம் வகையினர் வெறுமனே போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேருவார்கள். இந்த மாபெரும் உண்மையைக் கண்டறிந்தவர் என் அப்பா கிளைவ் ஹார்டகர். யார்க்‌ஷயரில் தெருவெல்லாம் மேடாக இருக்கும் எங்கள் ஊரில், காய்கறித் தோட்டச் சங்கத்துக்குப் பதினான்கு ஆண்டுகளாக அவர்தான் தலைவர். எதிர்த்து யாரும் நிற்பதில்லை. அந்தப் பதவி வேறு யாருக்கும் வேண்டாம்.

இனிச் சொல்லப் போவதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் பெயர் எஃபி, வயது பதினேழு. காலை ஒன்பது மணிக்கு எனக்கு ஓட்டுநர் தேர்வு. இப்போது நள்ளிரவு தாண்டி மணி ஒன்று. படுத்திருக்கும்போதே இடது கால் இல்லாத கிளட்சை மிதித்துக்கொண்டிருக்கிறது.

ஐந்து மாதம் காத்திருந்து கிடைத்த தேதி இது. தோற்றால் இன்னும் ஐந்து மாதம். செப்டம்பரில் எனக்கு ஒரு வேலை இருக்கிறது: வீடு வீடாகப் போய் முதியவர்களைக் கவனித்துக்கொள்வது. லைசென்ஸ் இருந்தால் அந்த வேலை. இல்லாவிட்டால் அப்பாவின் முள்ளங்கிப் பாத்தி. அந்த நிறுவனத்தின் கார்கள் எல்லாமே மின்சாரக் கார்கள். கிளட்ச் கிடையாது, கியர் கிடையாது. எங்கள் வீட்டுக் காரும் அப்படித்தான். நான்கு வருடமாக அப்பா அதில்தான் போய் வருகிறார். ஆகவே, நான் கியர் வண்டியில்தான் தேர்வுக்குப் போக வேண்டும் என்று முடிவாயிற்று.

எப்படி முடிவாயிற்று என்பதும் வரலாற்றில் பதிய வேண்டியதுதான். எங்கள் வீட்டில் முக்கியமான விஷயங்கள் ஞாயிற்றுக்கிழமை மதியம், வறுத்த மாட்டிறைச்சிக்கும் ஆப்பிள் இனிப்புக்கும் நடுவில், கூட்டம் போட்டுத்தான் முடிவாகும். அப்பா தலைவர். அம்மா ஜானிஸ் உறுப்பினர். கூட்டக் குறிப்பு எழுதுபவள் நான்.

"கியரில்லாத வண்டியில பாஸ் பண்ணினா என்ன ஆகும் தெரியுமா?" என்றார் தலைவர். "லைசென்ஸ் அட்டைக்குப் பின்னால எழுபத்தெட்டுன்னு ஒரு நம்பர் அடிச்சிருவான். கடைசிக் கட்டத்துல, பொடி எழுத்துல. கியர் வண்டியைத் தொடக் கூடாதுன்னு அர்த்தம். அது அரை லைசென்ஸ். சாகுற வரைக்கும் கூடவே வரும்."

"வந்துட்டுப் போகட்டுமேப்பா."

"என்ன பேச்சு இது? ஒரு கல்யாணத்துக்குப் போறே. மாப்பிள்ளைக்குக் கால் ஒடியுது. வெளிய நிக்கிறது ஒரே ஒரு பழைய கியர் வேன். யாரு ஓட்டுவா?"

"ஆம்புலன்ஸ்காரன் ஆம்புலன்ஸை ஓட்டிக்கிட்டு வருவான்," என்றாள் அம்மா, உருளைக்கிழங்கின் மேல் கிரேவியை ஊற்றிக்கொண்டே.

"சரி, ஸ்பெயினுக்குப் போறே. வாடகைக்கு ஒரு கார் எடுக்கறே..."

"நாலு தடவை ஸ்பெயின் போனோம், கிளைவ். நாலு தடவையும் டாக்ஸி."

"அது கொள்கை முடிவு."

வாக்கெடுப்பு நடந்தது. கியர் வேண்டாம் என்று நானும் அம்மாவும். வேண்டும் என்று அப்பா. "தலைவருக்கு ரெண்டு ஓட்டு," என்றார். இரண்டுக்கு இரண்டு. "சமமா வந்தா தலைவர் சொல்றதுதான் முடிவு." தீர்மானம் 'ஏகமனதாக' நிறைவேறியது. குறிப்பில் அப்படித்தான் எழுதச் சொன்னார்.

எங்கள் ஊரில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் பெவர்லி ஒருவர்தான். அவரிடம் போய்க் கேட்டேன்.

"கியர் காரைப் போன வருஷமே வித்துட்டேனே, கண்ணு. இப்பல்லாம் கியர்தான் வேணும்னு யாரும் வர்றதில்ல, அவங்க அப்பாங்கதான் போன் பண்றாங்க."

வேறு வழியில்லாமல் அப்பாவே ஆசிரியப் பொறுப்பேற்றார். இதற்கென்றே பத்தொன்பது வயதான ஒரு சிவப்பு பெட்ரோல் கார் வாங்கப்பட்டது. விற்றவரே அதை வீடு வரை ஓட்டிவந்து நிறுத்திவிட்டுப் போனார். அப்பா பின்னாலேயே மின்சாரக் காரில் 'பாதுகாப்புக்காக' வந்தார். கற்றுக்கொள்பவர் பக்கத்தில், அதே வகை வண்டியை ஓட்டத் தகுதியுள்ள, லைசென்ஸ் வாங்கி மூன்று வருடமான, இருபத்தொரு வயதான ஒருவர் உட்கார வேண்டும் என்பது சட்டம். அப்பா உட்கார்ந்தார். தோட்டச் சங்கத்தின் ஆண்டுவிழாவில் உட்காருவது போலவே உட்கார்ந்தார்.

பதினோரு சனிக்கிழமைகள். காரின் முன்னால் ஒரு 'எல்' பலகை, பின்னால் ஒரு 'எல்' பலகை. ஒவ்வொரு சனிக்கிழமையும் சேப்பல் மேட்டில், மீன் வறுவல் கடைக்கு நேர் எதிரே, வண்டி ஆஃப் ஆகிவிடும். பின்னால் பேருந்து ஒன்று ஹாரன் அடிக்கும். கடை வரிசையில் நிற்பவர்கள் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டபடியே வேடிக்கை பார்ப்பார்கள்.

"கிளட்சை மெதுவா விடு!"

"எவ்வளவு மெதுவா?"

"மெதுவான்னா மெதுவா!"

"ஒரே ஒரு தடவை நீங்க ஓட்டிக் காட்டுங்களேன்ப்பா."

"காட்டினா பார்த்துக் கத்துக்குவே. நீ உணர்ந்து கத்துக்கணும்."

எப்பேர்ப்பட்ட கல்விக் கொள்கை! அந்த மேட்டில் நான் நாலு தடவை அழுதிருக்கிறேன். நாலு தடவையும் அப்பா ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். என் கண்ணீருக்கு மரியாதை கொடுக்கிறார் என்று நினைத்தேன்.

இன்று இரவு பத்து மணிக்கு, தேர்வில் காட்ட வேண்டிய என் பழகுநர் லைசென்ஸை எடுக்கப் பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். எங்கள் குடும்ப ஆவணக் காப்பகம் அதுதான். மேலே அப்பாவின் அட்டை கிடந்தது. படத்தில், பிறர் முள்ளங்கியைப் பரிசீலிக்கும் முகத்தோடு இருந்தார். சிரித்துக்கொண்டே திருப்பினேன். கார் என்று இருக்கும் வரிசை. கடைசிக் கட்டம். பொடி எழுத்து.

எழுபத்தெட்டு.

அப்போது அப்பா தேநீர் போட உள்ளே வந்தார். அட்டையை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். கழற்றிவிட்டும் பார்த்தார்.

"அச்சுப் பிழை," என்றார்.

"போன வருஷம் புதுப்பிச்ச அட்டைப்பா இது. அப்ப ஏன் சொல்லல?"

"சின்னப் பிழை. அரசாங்கத்தை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னுதான்..."

குரல் கேட்டு அம்மா வந்தாள். அட்டையை வாங்கிப் பார்த்தாள். "சிவப்புக் கார் வாங்குறதுக்கு முன்னாடியே கியர் வண்டியில பாஸ் பண்ணிட்டேன்னு என்கிட்ட சொன்னியே, கிளைவ்!"

"விண்ணப்பம் பரிசீலனையில இருக்கு."

"போட்டியா?"

"போடணும்னு பரிசீலனையில இருக்கு."

பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். தலைவர் மாதிரி இல்லை, வெறுமனே உட்கார்ந்தார். இளவயதில் கியர் வண்டியில் ஏழு தடவை தேர்வுக்குப் போனாராம். ஏழு தடவையும் சேப்பல் மேடு. கடைசித் தடவை தேர்வாளரே கைப்பிரேக்கை இழுத்து நிறுத்தினாராம். மீன் கடை வரிசை கை தட்டியதாம்.

"நம்ம வீட்டுல யாராவது ஒருத்தராவது அந்த மேட்டுல ஏறணும்னு நினைச்சேன், எஃபி. அவ்வளவுதான்."

பாவம் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் பதினோரு சனிக்கிழமையும் ஞாபகத்துக்கு வந்தது.

"போலீஸ் நிறுத்தியிருந்தா தண்டனை யாருக்குப்பா?"

"ஓட்டினவங்களுக்கு."

"இன்ஷூரன்ஸ்?"

"செல்லாது."

"அப்ப லைசென்ஸ் வாங்குறதுக்கு முன்னாடியே அது போயிருக்கும். வேலையும் போயிருக்கும். உங்களுக்கு அது தெரியும்."

அப்பா தேநீரைக் கலக்கினார். வெகுநேரம் கலக்கினார்.

"இதைக் கூட்டக் குறிப்புல ஏத்த வேணாம்," என்றார்.

"காலையில உன்கூட நான் வர்றேன். என்னோடது முழு லைசென்ஸ்," என்றாள் அம்மா. "நீ போய்ப் படு, கிளைவ்." இதற்கு வாக்கெடுப்பு நடக்கவில்லை.

கதவருகே போனவர் திரும்பினார். "எஃபி, நாளைக்கு நீ பாஸ் பண்ணிட்டா எனக்குக் கத்துக் குடுப்பியா? அந்த மேடு மட்டும் போதும்."

"பக்கத்துல உட்கார எனக்கு இருபத்தொரு வயசு ஆகணும்ப்பா. இன்னும் நாலு வருஷம் இருக்கு."

அப்பா குரலைத் தாழ்த்தினார். "யாருக்குத் தெரியப் போகுது?"

படுக்கைக்கு வந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தெருவிளக்கின் அடியில் சிவப்புக் கார் நிற்கிறது. முன்னால் ஒரு 'எல்' பலகை, பின்னால் ஒரு 'எல்' பலகை. எதற்காக இரண்டு என்று நான் இத்தனை நாள் யோசித்ததே இல்லை. ஆளுக்கு ஒன்று.