வானதூதர் ஏறிய நூலேணி

கெண்ட் நகரம், கன்னியர் மடப் பள்ளி
தபசுக் காலம், இரண்டாம் வாரம், 1652

பெருமதிப்பிற்குரிய மெக்டெல்ட் அத்தைக்கு, அண்ணன் மகள் லைஸ்பெத் மண்டியிட்டு எழுதிக்கொள்வது. மரியாதைக்காக மட்டுமல்ல, இந்த இரவில் கட்டிலுக்குப் பின்னால் ஒளிந்து எழுத வேறு வழியில்லை. தாங்கள் நலமா? மாமா நலமா? மாமா நலமாக இருப்பதுதான் என் பயமே.

அத்தை, உங்களுக்குத் துரோகம் செய்துவிட்டேன். போன மாதம் உங்கள் வீட்டுக்கு வந்தபோது உங்கள் பெட்டியிலிருந்த இருபத்திரண்டு புத்தகங்களில் ஒன்றைக் கேட்காமல் எடுத்து வந்தேன். அட்டையில் புனித பார்பரா சரித்திரம் என்று பொன்னெழுத்தில் இருந்தது. மடத்தில் நல்ல பெயர் கிடைக்கும் என்று நினைத்தேன். மாமாவின் கண்ணில் மண்ணைத் தூவ, கதைப் புத்தகங்களுக்கெல்லாம் நீங்கள் பக்தி அட்டை கட்டி வைத்திருப்பது எனக்கு எப்படித் தெரியும்? இன்று சாப்பாட்டு வேளையில் உரக்க வாசிக்கும் முறை என்னுடையது. எழுந்து நின்று பிரித்தால், முதல் வரியிலேயே ஒரு குதிரைவீரன் நூலேணி போட்டு ஒரு சீமாட்டியின் சன்னலில் ஏறுகிறான். நிறுத்தினால் மாட்டிக்கொள்வேனே என்று அவனை வானதூதர் ஆக்கினேன்.

"வானதூதருக்கு ஏணி எதுக்குடி?" என்று பின்வரிசையில் ஒருத்தி கேட்டாள்.

"மழையில இறக்கை நனைஞ்சு போச்சு" என்றேன்.

பிறகு அவர் முத்தமிட்டார். செபம் செய்தார் என்று மாற்றினேன். அந்தப் பக்கத்திலேயே மூன்று முறை செபம் செய்தார். கரண்டிச் சத்தம் நின்றுபோனது. பட்டாணிக் கஞ்சி ஆறி ஏடு கட்டியது. தலைமைச் சகோதரி கோர்னேலியா அம்மா வந்து புத்தகத்தை வாங்கினார். முதல் தாளில் உங்கள் கையெழுத்து: 'இது மெக்டெல்டின் புத்தகம். திருடுகிற கை அழுகட்டும்.'

"யாருடி இந்த மெக்டெல்ட்?"

"எங்க அத்தை, அம்மா."

"உங்க மாமாவுக்கு இது தெரியுமா?"

நான் அழுதேன். அதுவே பதிலாகிவிட்டது.

கதைப் புத்தகம் கண்ணில் பட்டால் அடுப்புக்குத்தான் போகும் என்று மாமா சொல்லியிருக்கிறாரே. "இந்த வீட்ல என் காலுறைகூட உங்க மாமா சொத்துதான். பெட்டி மட்டும்தான்டி எனக்கு" என்றீர்களே, அதை நினைத்தால் அழுகைதான் வருகிறது. மாமாவிடம் சொல்ல மடத்திலிருந்து ஆள் வருமுன் புத்தகங்கள் எல்லாவற்றையும் வெண்ணெய்த் தாழிகளில் போட்டு மூடுங்கள். தபசு நோன்பில் வெண்ணெய் விலக்கு என்பதால், அது முடியும்வரை மாமா அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார். ஆண்டவரும், என்னை மன்னித்திருந்தால் புனித பார்பராவும், உங்களைக் காக்கட்டும்.

உங்கள் பாவி,
லைஸ்பெத்

பின்குறிப்பு: விடிந்ததும் இதைச் சலவைக்காரியிடம் ரகசியமாகக் கொடுத்தேன். கோர்னேலியா அம்மா படிக்காமல் எந்தக் கடிதமும் மடத்தைத் தாண்டக்கூடாது என்ற விதியை அவள் மறக்கவில்லை. நேரே அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். அம்மா முழுவதும் படித்துவிட்டார். மாமாவிடம் சொல்லும் எண்ணமே அவருக்கு இல்லையாம். "தாழியில போட்டா பிசுக்கு ஏறிடும். பெட்டியோட இங்க வரட்டும். மடத்துக்குத் தானம்னா உங்க மாமாவே தூக்கி வண்டியில வைப்பார்" என்கிறார். ஆனால் தானமாக வந்தது திரும்பிப் போகாதாம். படிக்க ஆசை வந்தால் நீங்கள் வருஷத்துக்கு ஒரு வாரம் தவம் இருக்க இங்கே வரலாமாம். உங்கள் சம்மதத்தைக் கேட்டு எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன். இந்தக் கடிதத்தைக் கொண்டுவருவது, பெட்டியை ஏற்ற வரும் அந்த வண்டிதான், அத்தை.