இது ஓசூர்தானே?

இந்தப் பூமியில் பிறந்த மனிதர்களிலேயே யாரையும் எதையும் நம்பாத ஒரே ஆள், ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியில் என்னோடு ஒரே அறையில் குடியிருந்த 'ஓசூர்தானே' என்பவன்தான். சூடம் ஏற்றிச் சத்தியம் செய்யத் தயார். அவனுக்குச் சொந்த ஊர் மத்தூர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்றும் உண்டு. அது வருகைப் பதிவேட்டுக்கு மட்டும் பயன்பட்டது.

பட்டப்பெயர் பிறந்த இடம் ஓசூர் பஸ் ஸ்டாண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் தளிக்குக் கிளம்பினோம். பஸ்ஸின் நெற்றியில் 'தளி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. இவன் நேராகக் கண்டக்டரிடம் போனான்.

"அண்ணா, இது ஓசூர்தானே?"

"ஆமாப்பா, ஓசூர்தான்."

"இந்த பஸ்சு தளி போவுமா?"

"போவும், ஏறு."

"இது ஓசூர்தானே?"

கண்டக்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏம்பா, மாத்திரையெல்லாம் குடுத்துதான் கூட்டிக்கினு வந்தியா?" என்றார். முன் சீட்டில் கூடையோடு உட்கார்ந்திருந்த பூக்காரம்மா கன்னடத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார். நான் இவனை யாரென்றே தெரியாதவன் போலக் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அறைக்குத் திரும்பியதும் பிடித்து உலுக்கினேன். அந்த மகான் விளக்கம் சொன்னார்: "நமக்குப் பதில் தெரிஞ்ச கேள்விய மொதல்ல கேக்கணும்டா. அதுக்குச் சரியா சொன்னாத்தான் ஆளு நல்லா வேல செய்யுறான்னு அர்த்தம். அப்புறம் நம்ம கேள்விய கேக்கணும். கடைசியா தெரிஞ்சத இன்னொருக்கா கேக்கணும். நடுவுல ஆளு கெட்டுப் போயிருந்தா?"

நடுவில் ஆள் கெட்டுப்போவாராம்! இப்படிப்பட்ட ஜென்மத்தோடுதான் நான் போட்டி போட வேண்டியிருந்தது.

நாங்கள் இருவரும் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் பயிற்சி எலக்ட்ரீஷியன்கள். சூப்பர்வைசர் முதல் நாளே இரண்டு விஷயம் சொல்லிவிட்டார். ஒன்று, கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கும் மல்டிமீட்டரை அவனவன்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டு, வருஷக் கடைசியில் எங்கள் இருவரில் ஒருவனுக்குத்தான் நிரந்தர வேலை. விருதுநகரில் என் அப்பா இரண்டாவது விஷயத்தைச் சரியாகக் காதில் வாங்காமல், பையன் நிரந்தரம் ஆகிவிட்டான் என்று தெருப்பூராவும் சொல்லி முடித்திருந்தார். ஆகவே எனக்கு அந்த வேலை கிடைத்தே ஆக வேண்டும்.

மீட்டர் வாங்க ஓசூர் கடைத்தெருவில் ஒரு எலக்ட்ரிக்கல் கடைக்குப் போனோம். நான் பார்த்த மாத்திரத்தில் ஒன்றை எடுத்துவிட்டேன். ரப்பர் உறை, ஆரஞ்சு வெளிச்சம், பெரிய எண்கள். அதில் வெப்பநிலைகூடப் பார்க்கலாம். இரண்டு மாத உதவித்தொகை அதோடு போயிற்று. ஓசூர்தானே கடையில் இருந்த ஏழு மீட்டரையும் வரிசையாக வைத்தான். ஒவ்வொன்றையும் முதலில் கரண்ட் உள்ள பிளக்கில் வைப்பான், பிறகு அணைத்த பிளக்கில், மறுபடியும் கரண்ட் உள்ள பிளக்கில்.

"தம்பி, மீட்டர் வாங்க வந்தியா, என் கடைக்கு கரண்டு பில்லு எடுக்க வந்தியா?" என்று கடைக்காரர் கத்தினார்.

இத்தனைக்கும் பிறகு அவன் எடுத்தது, இருப்பதிலேயே மட்டமான ஒரு மஞ்சள் டப்பா. திருவிழாக் கடையில் பொம்மையோடு சேர்த்து விற்கலாம்.

"ஏன்டா இதப் போயி எடுத்த?"

"எந்த மீட்டரயும் நம்ப முடியாது. நம்ப முடியாததுக்கு எதுக்குடா அதிக வெல?"

"அத வீட்டு வயரிங்கோட நிறுத்திக்கோ தம்பி, கம்பெனி பேனல்ல வெச்சிடாத" என்றார் கடைக்காரர். இவன் தலையாட்டிவிட்டு, "அண்ணா, இது எலக்ட்ரிக்கல் கடைதானே?" என்று கேட்டான். அவர் ஸ்டூலைத் தூக்குவதற்குள் அவனை இழுத்துக்கொண்டு ஓடி வந்தேன்.

அதற்குப் பிறகு கம்பெனியில் என் ராஜ்யம்தான். வேலை முடிந்ததும் மீட்டரின் ஒயரை அதன் உடம்பிலேயே இறுக்கிச் சுற்றி, துப்பாக்கி மாதிரி இடுப்பில் செருகிக்கொள்வேன். ஒவ்வொரு வேலைக்கும் மூன்று தடவை வைத்துப் பார்க்கும் அவனை, பிளக்குக்குப் பூசை போடுகிற பூசாரி என்று ஊரைக் கூட்டிக் கேலி செய்தேன்.

வருஷம் முடிய ஒரு மாதம் இருந்தது. ஒரு மத்தியானம் கன்வேயர் பெல்ட் நின்றுவிட்டது. உற்பத்தி ஆட்கள் கூச்சல் போட, சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்க, அதன் மின்சாரப் பேனலைத் திறந்தவன் நான். உள்ளே மோட்டாருக்குக் கரண்டைச் சேர்த்துப் பிரிக்கும் காண்டாக்டர் சுவிட்ச் கருகியிருந்தது. கதவில் எழுதியிருந்தபடி பிரேக்கர் சுவிட்சை அணைத்து, என் மீட்டரை வைத்தேன். சைபர்.

"சப்ளை இல்ல சார். அஞ்சே நிமிசத்துல மாத்திருதேன்" என்று கையை உள்ளே கொண்டு போனேன்.

"டேய், மொதல்ல அந்த ஃபேன் பிளக்குல வையி" என்றான் ஓசூர்தானே.

"சார், பூசாரி ஆரம்பிச்சுட்டாரு!" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்த இழுப்பில் நான் தரையில் உட்கார்ந்தேன், இரண்டு பொத்தான் தெறித்தது. என் மீட்டரைப் பிடுங்கிப் பக்கத்துச் சுவரிலிருந்த பிளக்கில் வைத்தான். அதே பலகையில் செருகியிருந்த ஸ்டாண்ட் ஃபேன் ஜம்மென்று சுற்றிக்கொண்டிருந்தது. என் மீட்டரில் சைபர்.

சூப்பர்வைசர் ஓடிப்போய் தன் மீட்டரைக் கொண்டுவந்து, பிளக்கில் ஒரு தடவை பார்த்துவிட்டு, பேனலில் வைத்தார். நானூற்றுப் பத்து வோல்ட். எப்போதோ எவனோ இரண்டு பிரேக்கர்களின் பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டியிருக்கிறான். நான் அணைத்தது வேறு எதையோ. தினமும் இறுக்கிச் சுற்றிய சுற்றில் என் மீட்டரின் ஒயர் அடிப்பக்கம் உள்ளுக்குள்ளேயே அறுந்திருந்தது. அதற்குமேல் அது எதைத் தொட்டாலும் சைபர்தான் காட்டும்.

மறுவாரமே சூப்பர்வைசர் அவனைக் கூப்பிட்டு வேலைக் கடிதத்தை நீட்டி, "நிரந்தர வேலை உனக்குத்தான்யா" என்றார்.

"சார், நீங்க சூப்பர்வைசர்தானே?"

அந்தக் கடிதம் எப்படிக் கிழிபடாமல் அவன் கைக்கு வந்தது என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அப்பாவுக்குப் போன் செய்து, வேலை போயிற்று, ஆனால் உயிரோடு இருக்கிறேன் என்றேன். அதைத் தெருப்பூராவும் சொல்ல அவருக்கு இஷ்டமில்லை. அறையைக் காலி செய்த அன்று ஓசூர்தானேயிடம் நன்றி சொன்னேன். வழக்கம்போல அதையும் அவன் நம்பவில்லை.

இப்போது கிருஷ்ணகிரி பக்கம் ஒரு கம்பெனியில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் தவறாமல் அவன் போன் வரும்.

"உன் பேரு என்னா?"

சொல்வேன்.

"சாப்ட்டியா?"

"சாப்பிட்டேன்டா."

"உன் பேரு என்னா?"

இவ்வளவுதான், வைத்துவிடுவான். மண்டைக் கோளாறு பிடித்தவன். அந்தப் போன் வருகிறவரை ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குச் சோறு இறங்குவதில்லை. சாப்பிட்டுவிட்டேன் என்று அவனிடம் சொல்வது வாரா வாரம் நான் சொல்கிற பொய்.