ஒரு கொட்டகைத் தீக்கு இரண்டு கமாண்ட்

லிட்டில் ஃபோர்க், மெய்ன்.
பனி உருகும் சேற்றுக்காலம், செவ்வாய்க்கிழமை.

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய மைத்துனர் ஓமர் தெரியோ அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் தங்கையைக் கட்டிக்கொண்ட ஷெல்டன் பிக்ஃபர்ட் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், கோலெட் நலம், நாய் நலம். ஃபுளோரிடா வெயிலில் தங்கள் முழங்காலும் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன். தங்கள் மகன் லூசியனும் மிக்க நலம். அவனைத் தனியாகக் குறிப்பிடுவானேன் என்று தாங்கள் புருவத்தைத் தூக்க வேண்டாம். இந்தக் கடிதத்தின் நடுப்பகுதியில் அவன் ஒரு கூரைமேல் நிற்பான். அங்கே வந்ததும் தங்களுக்குப் படபடப்பு வரக்கூடாது என்பதற்காக, அவன் பத்திரமாக இறங்கிவிட்டான் என்பதை இப்போதே சொல்லி வைக்கிறேன்.

விஷயம் இதுதான். நம் ஊர்த் தீயணைப்புப் படையின் தலைவனாக நான் இருக்கலாமா, வேண்டாமா என்று முடிவு செய்ய வியாழக்கிழமை சிறப்புக் கூட்டம் போட்டிருக்கிறார்கள். அதற்குள் தாங்கள் ஒரு உதவி செய்ய வேண்டும். என்ன உதவி என்று முதலில் கேட்டால் மறுத்துவிடுவீர்கள், அதனால் கடைசியில் சொல்கிறேன்.

என்னைத் தலைவனாக்கியதே தாங்கள்தான், மச்சான். ஜனவரியில் தாங்கள் தலைமையை விட்ட அன்று, படையின் பீன்ஸ் விருந்து முடிந்து, எல்லோரும் இடுப்புப் பட்டையைத் தளர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து, "எனக்கப்புறம் ஷெல்டன் இருக்கட்டும். அவன் பேசினா பக்கத்து ஊருக்கும் கேக்கும்" என்றீர்கள். படைக்கு நிதி சேர்க்கும் விருந்துகளில் அப்பத்தை நன்றாகச் சுடுகிறேன், குரல் பெரிது, தங்கள் தங்கையின் கணவன் என்ற மூன்று தகுதிகளைத் தவிர என்னிடம் நான்காவது ஒன்று இருப்பதாக அன்றைக்கும் யாரும் சொல்லவில்லை. தங்களிடம் இத்தனை வருடம் கேப்டனாக இருந்த வெர்னா ஹாஸ்கெல் அங்கேதான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஊரின் பனி தள்ளும் வண்டியை ஓட்டுகிறவள். வாயைத் திறந்தால் குளிர்க்காற்று உள்ளே போய்விடும் என்பதுபோலப் பேசுகிறவள். எந்த வீட்டில் எந்தப் படி உளுத்திருக்கிறது என்பதுவரை அவளுக்குத் தெரியும் என்பது தங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அவளுக்கு அப்பம் சுட வராது. ஓட்டு எனக்கு விழுந்தது. தலைவனுக்கு மட்டுமே உரிய வெள்ளைத் தலைக்கவசம் என் தலைக்கு வந்தது. ஒரு வாரம் அதை வீட்டுக்குள்ளும் போட்டுக்கொண்டு திரிந்தேன். "சாப்பிடும்போதாவது கழட்டுங்க, சூப்ல விழுது" என்று கோலெட் சொன்னபிறகுதான் கழற்றினேன். பிறகு ஒரு வெள்ளைக் கோட்டும் வரவழைத்தேன். படையில் அப்படி ஒரு கோட்டு கிடையாது. இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

போன ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் விடுகிற நேரத்தில், எல்டன் கோபின் மாட்டுக் கொட்டகையில் தீ. தாங்கள் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முறை தங்களுக்கு மறந்திருக்காது. எந்த அதிகாரி முதலில் போய்ச் சேருகிறாரோ, அவர் வாக்கி-டாக்கியில் "கமாண்ட் என்னிடம்", அதாவது இங்கே உத்தரவு போடுவது நான், என்று சொல்லிவிட வேண்டும். அதற்குப் பிறகு அவருக்குப் பெயர் கிடையாது, பதவி கிடையாது, அவர் கமாண்ட், அவ்வளவுதான். பின்னால் வருகிறவன் எவ்வளவு பெரிய தலைவனாக இருந்தாலும் நேரில் அவரிடம் நடந்து போய், எது எரிகிறது, உள்ளே யார் இருக்கிறார்கள், நீ என்ன செய்து வைத்திருக்கிறாய் என்று கேட்டு, அவர் கையால் வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கிக்கொள்ளாமல் அவருக்குக் கீழேயே நின்று வேலை பார்த்தாலும் கௌரவக் குறைச்சல் இல்லை. இதெல்லாம் எனக்கு மனப்பாடம். புது ஆட்களுக்கு இதை நானே நடித்துக் காட்டிச் சொல்லித் தருவது வழக்கம், கைதட்டுவார்கள்.

வெர்னா முதலில் போய்ச் சேர்ந்தாள். "கமாண்ட் என்னிடம்" என்று அவள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தங்களிடம் சொல்ல முடியாது. தெளிவாகக் கேட்டது. வெள்ளைக் கோட்டின் மேல் பொத்தானோடு போராடிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். நான் போய்ச் சேர்ந்தபோது அவள் கொட்டகையின் முன்பக்கம், சாலையோரம் நின்றாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் எல்டனுடைய முற்றம். இந்தப் பருவத்தில் அந்த முற்றம் எப்படி இருக்கும் என்று தங்களுக்குத் தெரியும், பூட்ஸோடு இறங்கினால் காலுறையோடு திரும்ப வேண்டும். என் கோட்டைப் பார்த்தேன், சேற்றைப் பார்த்தேன். பின்பக்கம் வீட்டை ஒட்டிக் காய்ந்த புல்தரை இருந்தது. அங்கே போய் நின்றுகொண்டு, பக்கத்து ஊருக்கும் கேட்கிற குரலில், "கமாண்ட் என்னிடம்" என்றேன்.

இப்போது ஒரு தீ, இரண்டு கமாண்ட். தண்ணீர் லாரி ஓட்டி வந்த டுவெய்னிடம் முன்பக்கத்து கமாண்ட் "ரோட்டோரமே நிறுத்து" என்றது, பின்பக்கத்து கமாண்ட் "வீட்டுப் பக்கம் கொண்டா" என்றது. அவன் இரண்டு பேருக்கும் மரியாதை செய்கிற மாதிரி நடு முற்றத்தில் கொண்டுபோய் லாரியைச் சேற்றில் புதைத்தான். குழாயைத் தூக்கிய பையன்கள் என் சொல் கேட்டுப் பின்னால் ஓடினார்கள், வெர்னா சொல் கேட்டு முன்னால் ஓடினார்கள், மறுபடி என் சொல். கொஞ்ச நேரத்தில் கொட்டகையைச் சுற்றி, கிறிஸ்துமஸ் பொட்டலத்துக்கு நூல் கட்டினதுபோல, குழாய் சுற்றியிருந்தது. தண்ணீர்தான் வரவில்லை. மாடுகளை வெர்னா ஏற்கெனவே வெளியேற்றியிருந்தாள். அவை வேலியோரம் வரிசையாக நின்று எங்களை வேடிக்கை பார்த்தன. எல்டன் அவற்றின் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்துச் சொன்னார்: "சீஃப், அந்தத் தீக்கு ஒண்ணும் அவசரமில்ல. நீங்க ரெண்டு பேரும் பேசி முடிங்க, அது காத்திருக்கும்."

இப்போது லூசியன் கூரைக்கு வருகிறான். புகை வெளியேறக் கூரையில் ஓட்டை போடுவது வழக்கம், புத்தகத்திலும் இருக்கிறது. எனக்குப் பக்கத்தில் நின்ற தங்கள் மகனைப் பார்த்து "ஏறி வெட்டுடா" என்றேன். அவன் மறுபேச்சுப் பேசாமல் கோடாரியோடு ஏணியில் ஏறினான். கூரைக்கு அடியில் பரண் முழுக்கக் காய்ந்த புல் எரிகிறது, உத்திரம் தாங்காது, ஒருவனையும் மேலே ஏற்றக்கூடாது என்று வெர்னா வந்த உடனேயே முடிவு செய்திருக்கிறாள். அதை நான் எப்படித் தெரிந்துகொள்வது? கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்பதற்குச் சேற்றைத் தாண்ட வேண்டும்.

வாக்கி-டாக்கியில் வெர்னாவின் குரல் வந்தது. "கூரையில யாரு?"

"என் உத்தரவு, கேப்டன்" என்றேன், கம்பீரமாக.

"லூசியன், இறங்கு."

மேலிருந்து லூசியன் கேட்டான்: "இது எந்த கமாண்ட் சொல்றது?"

அவன்மேல் தப்பில்லை, மச்சான். ஒரே கமாண்டுக்குத்தான் கீழ்ப்படிய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தது நான்தான், கைகூடத் தட்டியிருக்கிறான். அவன் கூரைமேல் நின்று எங்கள் பதிலுக்குக் காத்திருந்தான். அவன் பூட்ஸைச் சுற்றிப் புகை மெல்லிசாகக் கசிய ஆரம்பித்தது.

வெர்னா வாக்கி-டாக்கியை இடுப்பில் செருகினாள். முற்றத்தின் குறுக்கே ஓடி வந்தாள். முழங்கால்வரை சேறு, ஒரு கால் பூட்ஸ் முற்றத்திலேயே தங்கிவிட்டது. என்னை நாலு பேர் பார்க்கத் திட்டுவாள் என்று நினைத்தேன். பக்கத்தில் வந்து எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்: "ஷெல்டன், உத்திரம் போயிடுச்சு. அவனை இறக்கு. நீயே சொல்லு, உன் பேச்சுக்குத்தான் இறங்குவான்."

அந்த நேரத்திலும் நான் "கேப்டன், முறைப்படி பார்த்தா..." என்று தொடங்கினேன் என்பதைத் தங்கள் தங்கையிடம் சொல்லிவிடாதீர்கள். பாதியில் நிறுத்திவிட்டேன், அதுவரை எனக்குப் புண்ணியம். "லூசியன், இறங்குடா. கமாண்ட் வெர்னாகிட்ட. இனி அவ சொல்றதுதான்" என்று கத்தினேன். இறங்கினான். அவன் ஏணியை விட்டு நாலு எட்டு நகர்வதற்குள் கூரை ஒரு பெருமூச்சு விட்டு உள்ளே உட்கார்ந்தது.

அதற்குப் பிறகு தீ அணைந்தது, ஏனென்றால் நான் அதில் தலையிடவில்லை. வெர்னா என்னைச் சாலைக்குப் போய் வண்டிகளைத் திருப்பிவிடச் சொன்னாள். மாதா கோயில் விட்டு வீட்டுக்குப் போகிற ஊர் முழுவதும், வெள்ளைக் கவசமும் வெள்ளைக் கோட்டுமாக நடுச்சாலையில் கொடியாட்டிய என்னைப் பார்த்துக்கொண்டு போனது. "சீஃப், நெருப்பு அங்கயில்ல இருக்கு?" என்று பாதிரியாரே கண்ணாடியை இறக்கிக் கேட்டார். கொட்டகையில் பாதி போயிற்று, பால் அறை தப்பியது, மாடுகள் அத்தனையும் பக்கத்துப் பண்ணைகளில் விருந்தாளிகளாக இருக்கின்றன.

நேற்று வழக்கம்போல டோனட்டும் காபியும் வைத்துத் தீயைப் பற்றிப் பேச உட்கார்ந்தோம். எல்லோரும் தலைக்கவசத்தை மேசைமேல் வைத்துவிட வேண்டும், அங்கே பதவி கிடையாது, யார் வேண்டுமானாலும் யாரை வேண்டுமானாலும் குறை சொல்லலாம் என்பது தாங்கள் கொண்டுவந்த நல்ல வழக்கம். தங்கள் காலத்தில் அது நல்ல வழக்கமாக இருந்தது. நேற்று எனக்கு அவ்வளவு நல்லதாகப் படவில்லை.

"நான் ரெண்டு கமாண்டுக்கும் நடுவுல நின்னேன். லாரியை இன்னும் எடுக்க முடியல" என்றான் டுவெய்ன்.

"சீஃப் கோட்டு மட்டும் சுத்தமா இருந்துச்சு" என்றது ஒரு குரல். யாரென்று எனக்குத் தெரியும், தங்கள் மகன்தான்.

வெர்னா கடைசியாகத்தான் பேசினாள். "நீ வந்ததுல தப்பில்ல, ஷெல்டன். வந்து கேக்கல. கேட்டிருந்தா நானே உன் கையில குடுத்திருப்பேன். குடுத்துட்டு உனக்குக் கீழ வேலையும் பாத்திருப்பேன்."

அதை ராத்திரி முழுக்க யோசித்தேன், மச்சான். எனக்குக் கீழே நிற்க அவளுக்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில் போய் நிற்கக்கூட என்னால் முடியவில்லை. ஆகவே தீர்மானித்துவிட்டேன். வியாழக்கிழமை எழுந்து, வெள்ளைக் கவசத்தை அவள் முன்னால் வைத்து விலகிக்கொள்கிறேன். அவள் தனக்கு ஓட்டுக் கேட்க மாட்டாள், கேட்டுப் பழக்கமில்லை. அதனால் நான் தங்களிடம் வேண்டுவது இது: படையினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ஜனவரியில் தவறாகக் கைகாட்டிவிட்டேன், வெர்னாதான் தலைவியாக இருக்க வேண்டியவள் என்று எழுதுங்கள். தங்கள் சொல்லுக்கு இன்னும் இங்கே மரியாதை இருக்கிறது, என்னைக் கைகாட்டியபிறகும்.

தங்கள் முழங்காலுக்கும் அண்ணி கையால் சாப்பிடும் வயிற்றுக்கும் ஆண்டவர் துணையிருப்பாராக. பெரியவர்களுக்கு என் வணக்கமும் சிறியவர்களுக்கு என் அப்பமும்.

இனித் தலைவனல்லாத, ஆனால் என்றும் தங்கள்
ஷெல்டன்

பின்குறிப்பு: தபால்தலை வாங்க மறந்ததால் கடிதம் இன்னும் என்னிடமே இருக்கிறது. இன்று வெள்ளிக்கிழமை, இதைச் சேர்த்து எழுதுகிறேன். தாங்கள் படையினருக்கு எழுத வேண்டாம். நேற்றுக் கூட்டத்தில் எழுந்து விலகுவதாகச் சொன்னேன். ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம், ஆனால் பணிவைப் பற்றி இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லத் தோன்றியது. சொல்லச் சொல்ல வந்துகொண்டே இருந்தது. டுவெய்ன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "இவ்வளவு பணிவான ஆளை எங்க போய்த் தேடுறது? இவரே இருக்கட்டும்" என்று முன்மொழிந்தான். எதிர்த்து இரண்டு கைகள்தான், ஒன்று வெர்னாவுடையது, மற்றது லூசியனுடையது. சபையின் விருப்பத்தை மீறுவது பணிவாகாது என்பதால் ஏற்றுக்கொண்டேன். வெர்னா பக்கத்து ஊர்ப் படையில் சேர்ந்துவிட்டதாக இன்று காலையில் கேள்வி, லூசியனும் கூடவே போயிருக்கிறான். இதைக் கோலெட்டிடம் மெதுவாகச் சொன்னேன். அவள் அடுப்பிலிருந்து திரும்பாமலே, "நல்லது. நம்ம புகைபோக்கி பத்திக்கிட்டா நான் வெர்னா வீட்டுக்குப் போன் பண்ணிக்கறேன். நீங்க வெளிய நின்னு பேசிக்கிட்டிருங்க" என்றாள்.