ரிசப்ஷனும் என் மூச்சுக்குழாயும்

ஒரு தும்மலுக்கு முக்கால் மணி நேரம் விளக்கம் சொல்லக்கூடிய ஆள் சென்னையிலேயே ஒருவன்தான். என் தலையெழுத்து, அடையாறு பி.ஜி. விடுதியில் அவன் எனக்கு அறைத்தோழனாக வாய்த்தான். போதாததற்கு எனக்கு ஆஸ்துமா வேறு.

ஒவ்வாமையால் வரும் ஆஸ்துமாவில்தான் அவனுக்கு ஆராய்ச்சி. நோய் எதிர்ப்புச் செல்களின் மேல் உட்கார்ந்திருக்கும் ரிசெப்டர்கள்தான் அவனுக்குக் குலதெய்வம். வந்த அன்றே சாப்பாட்டு மேஜையில் ஆரம்பித்துவிட்டான். "எல்லாத்துக்கும் காரணம் ரிசெப்டர்தான்."

சமையல்கார பாய் சாம்பார் வாளியைக் கீழே வைத்தார். "ரிசப்ஷனா? எந்த மண்டபம் தம்பி? அங்க பிரியாணி கீதா?"

அன்றோடு அவன் பெயர் 'ரிசப்ஷன்' ஆயிற்று. கோபித்துக்கொண்டாலாவது தப்பித்திருப்போம். துள்ளிக் குதித்தான்.

"பாய் சொன்னது கரெக்ட்! மாஸ்ட் செல்தான் மண்டபம். ரிசெப்டருங்க வாசல்ல நிக்கிற ஆளுங்க. ஒவ்வொருத்தன் கையிலயும் ஐ.ஜி.இ.ன்னு ஒரு ஆன்டிபாடி. தூசி வந்து ரெண்டு பேரைச் சேத்துப் புடிச்சு இழுத்தா போதும், மண்டபம் உள்ள இருக்கிறதையெல்லாம் வெளிய கொட்டிடும். ஹிஸ்டமின்! மூச்சுக்குழாய் இறுகிடும்!"

பாதி பேர் மோர் சாதத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனார்கள்.

அதோடு விட்டானா? விடுதிக்குப் புதிதாக யார் வந்தாலும் என் இன்ஹேலரை எடுத்துக்கொள்வான். "இது குழாயைத்தான் தொறக்கும், ஐ.ஜி.இ. ரிசெப்டரைத் தொடாது, பாருங்க" என்று, கொசு மருந்து அடிக்க வந்த கார்ப்பரேஷன்காரரைப் போலக் காற்றில் அடித்துக் காட்டுவான். கேட்டால், "அறிவியலுக்குத்தானே மச்சி" என்பான்.

போகி காலையில் தெருவெங்கும் டயர்ப் புகை. எனக்கு மூச்சு முட்டியது. இன்ஹேலரை வாயில் வைத்து அழுத்தினேன். ஒன்றும் வரவில்லை. உள்ளே இருந்த மருந்தெல்லாம் அறிவியலுக்குப் போய்விட்டிருந்தது. நெஞ்சு விசிலடித்தது. செத்துவிடுவேன் என்று நிஜமாகவே பயந்தேன்.

ரிசப்ஷன் என்னை உற்றுப் பார்த்து, பழக்க தோஷத்தில், "இப்ப உள்ள அந்த ரிசெப்டர்..." என்று வாயைத் திறந்தான்.

"அவன் மூச்சு உட முடியாம கெடக்கான், நீ இன்னா பேசிக்கினு கீற? ஓடு நைனா!" என்று பாய் கத்தினார்.

ஓடினான். லுங்கியும் பனியனுமாக, செருப்புக்கூட இல்லாமல், பூட்டிக் கிடந்த மருந்துக் கடைகளையெல்லாம் தட்டிக்கொண்டே எங்கெங்கோ ஓடி, ஒரு புது இன்ஹேலரோடு திரும்பி வந்தான். காலில் ரத்தம். மருந்தை உறிஞ்சிய கொஞ்ச நேரத்தில் எனக்கு மூச்சு மெல்ல இளகியது.

பக்கத்தில் உட்கார்ந்து என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தான். செல்லும் வரவில்லை, ஹிஸ்டமினும் வரவில்லை அவன் வாயிலிருந்து. "மூச்சு வருதாடா? வருதாடா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தான். அந்த முட்டாளை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.