சேற்றுப் பந்தயத்தில் கும்பிடு அண்ணன்

மலேசியாவில், எங்கள் பேராக் மாநிலத்தில் கும்பிடு அண்ணன் கும்பிடாத பொருள் என்று ஒன்று இருந்திருக்கவே முடியாது. கோயிலைக் கும்பிடுவார், அதை எல்லாரும்தான் செய்கிறோம். அவர் தண்ணீர்த் தொட்டியைக் கும்பிடுவார். ரப்பர் பால் ஏற்றும் லாரியைக் கும்பிடுவார். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்று கும்பிட்டதைப் பார்த்து, புகார் கொடுக்க வந்திருக்கிறார் என்று போலீஸ்காரர் அவரை உள்ளே உட்காரவைத்துப் பேனாவை எடுத்த கதையும் உண்டு. ஒரு தடவை எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குக் குறுக்கே மலைப்பாம்பு போனது. நாங்கள் எல்லாரும் ஓடினோம். அவர் சைக்கிளை நிறுத்திச் சிலிப்பரைக் கழற்றினார்.

தொழில் ரொட்டி விற்பது. சிம்பாங் பூலாயில் சீனர் ஒருவரின் பேக்கரியில் ரொட்டி எடுத்துக்கொண்டு, விடிகிற நேரத்துக்கு எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு ஏறி வந்துவிடுவார். யானைக்குட்டி மாதிரி கனத்த கறுப்புச் சைக்கிள். பின்னால் தகரப் பெட்டி. பெட்டிக்குள் ரொட்டி, இனிப்பு ஜாம் வைத்த காயா பன், தேங்காய் பன். பெட்டி மூடியில் முருகன், மாரியம்மன், மேரி மாதா, தாடி வைத்த ஒரு சீனச் சாமி எல்லாரும் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டப்பட்டிருப்பார்கள். வாங்குகிறவர் யாரும் மனம் கோணக்கூடாது பாருங்கள். அவருடைய சொந்தப் பெயரை நாங்கள் கேட்டதும் இல்லை, அவர் சொன்னதும் இல்லை.

எண்பதுகளின் கடைசியில் எங்கள் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். பாதி மரங்களை வெட்டிச் சாய்த்தாயிற்று. லயத்தில் சில குடும்பங்கள்தான் மிச்சம். மரம் சீவிப் பால் எடுத்துக்கொண்டிருந்த நான் ஈப்போ பக்கம் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு என் சோற்றை நானே சம்பாதித்தவள். யார் முன்னாலும் கை நீட்டியவள் இல்லை, மேனேஜர் துரையையே கும்பிட்டவள் இல்லை.

தொழிற்சாலை வேன் பெரிய ரோட்டு முச்சந்தி வரைக்கும்தான் வரும். லயத்திலிருந்து அங்கே போக ஒரு மணி நேரத்துக்கு மேல் நடை. வீட்டுக்காரர் வைத்துப்போன சைக்கிள் துருப்பிடித்து நடுவில் இரண்டாக முறிந்துபோய்விட்டது. மழை பெய்தால் அந்தச் செம்மண் பாதை சவர்க்காரக் கட்டி. ஒரு நாள் வழுக்கி விழுந்து, வேனை விட்டு, வேலைக்குப் பிந்திப் போனேன். சூப்பர்வைசர் முகத்தைச் சுளித்தார்.

கும்பிடு அண்ணனுக்குச் செய்தி போயிற்று. மறுநாள் ரொட்டி விற்று முடித்ததும் என் வாசலில் வந்து நின்றார்.

"ஏறு தங்கச்சி, பெட்டி மேல உக்காரு. ரோட்டுல எறக்கி விட்டுட்டுப் போறேன்."

சாமிகள் மேல் எப்படி உட்காருவது என்று கேட்டேன். ஒரு மாவுச் சாக்கை எடுத்துப் பெட்டி மேல் விரித்தார்.

"இப்ப அவங்களுக்குத் தெரியாதுலா."

ஏறினேன். தண்ணீர்த் தொட்டி வந்தது, இறங்கினார். துருவேறிக் கிடந்த பழைய லாரி வந்தது, இறங்கினார். மாரியம்மன் கோயில், மதகு, இடி விழுந்த மரம். ஒவ்வொரு இடத்திலும் சைக்கிளைச் சாய்க்கும்போது நான் குதிக்க வேண்டும், பிறகு திரும்ப ஏற வேண்டும். நடந்து போயிருந்தால் முன்னாலேயே போயிருப்பேன். நாங்கள் முச்சந்திக்கு வந்தபோது வேனின் புகை மட்டும்தான் நின்றது. இன்னொரு தடவை பிந்தினால் இங்கே வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அதை அண்ணனிடம் சொன்னேன். அன்றைக்கு அவர் கும்பிடாமலே போனார். அதைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

அந்த வாரத்தில்தான் ஈப்போவிலிருந்து ஒரு சைக்கிள் சங்கத்துக்காரர்கள் வந்தார்கள். மலையில் ஓட்டுகிற சைக்கிளாம், தடித்த டயராம், கியராம். பந்தயம் விடுவதற்குச் சேறு உள்ள இடமாகத் தேடுகிறார்களாம். காலம் பூராவும் நாங்கள் திட்டித் தீர்த்த சேற்றை நல்ல சேறு, நல்ல சேறு என்று தொட்டுப் பார்த்தார்கள். முதல் பரிசு புதுச் சைக்கிள். இரண்டாம் பரிசு ரைஸ் குக்கர். யாரும் சேரலாம்.

"தங்கச்சி, ஞாயித்துக்கெழம ஒனக்கு சைக்கிள் வருது" என்றார் அண்ணன்.

"யாருண்ணே ஓட்டப் போறா?"

"நான்தான்லா."

பக்கத்து வீட்டு ராமாயி சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த வெற்றிலை வாசலுக்கு வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. ஈப்போ இளவட்டங்கள் பளபளவென்று வரிசையில் நின்றார்கள். அவர்கள் நடுவில் கும்பிடு அண்ணன், தலையில் யாரோ கொடுத்த மோட்டார் சைக்கிள் ஹெல்மெட், காலில் சிலிப்பர், பின்னால் ரொட்டிப் பெட்டி. பெட்டியைக் கழற்றச் சொன்னார்கள். பின்னால் கனம் இல்லாவிட்டால் இறக்கத்தில் குப்புற விழுந்துவிடுவேன் என்று மறுத்துவிட்டார். வழி தெரிவதற்காக ஆபத்தான வளைவுகளில் எல்லாம் மரத்தில் மஞ்சள் துணி கட்டியிருப்பதாகச் சங்கத்துக்காரர் விளக்கினார். அண்ணன் பயபக்தியோடு தலையாட்டினார். அப்போதே நான் ராமாயியைத் திரும்பிப் பார்த்தேன். தோட்டத்தில் மரத்துக்கு மஞ்சள் துணி கட்டியிருந்தால் அங்கே முனியாண்டி இருக்கிறார் என்று அர்த்தம். பக்கத்தில் எச்சில்கூடத் துப்ப மாட்டோம்.

விசில் ஊதியதும் எல்லாரும் பறந்தார்கள். அண்ணன் கடைசி. நானும் ராமாயியும் பிளாஸ்டிக் தாளைத் தலையில் போட்டுக்கொண்டு குறுக்குப் பாதையில் ஓடி, மேட்டிலிருந்து பார்த்தோம். முதல் மஞ்சள் துணி இருந்த இறக்கத்தில் ரப்பர் வேர்கள் பின்னிக் கிடந்தன. மழையில் அது எண்ணெய் தடவிய மாதிரி. முதலில் வந்தவன் விழுந்தான். அடுத்தவன் அவன் மேல் விழுந்தான். அப்புறம் வந்தவர்களுக்கு விழ இடம் தேட வேண்டிய வேலையே இல்லை. ரப்பர் பால் பிடிக்கிற மங்குகளை அடுக்கி வைத்தாற்போல் கிடந்தார்கள். எழுந்தவர்களின் சக்கரம் சுற்றவில்லை, அவ்வளவு செம்மண் அப்பியிருந்தது.

கும்பிடு அண்ணன் மெதுவாக வந்தார். மஞ்சள் துணியைப் பார்த்தார். இறங்கினார். சிலிப்பரைக் கழற்றினார். சாமி முன்னால் அழுக்கோடு நிற்கலாமா? ஒரு குச்சியை எடுத்துச் சக்கரத்து மண்ணையெல்லாம் வழித்து எறிந்தார். கும்பிட்டார். வெறுங்காலோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வேர்களைத் தாண்டினார். ஏறி உட்கார்ந்து போய்க்கொண்டே இருந்தார்.

"யக்கா," என்றாள் ராமாயி, "அவரு முன்னால போறாருக்கா."

ஒவ்வொரு மஞ்சள் துணியிலும் இதே கதைதான். எங்கே நிற்காமல் போனால் விழ வேண்டுமோ, அங்கேயெல்லாம் அவர் நின்றார். கடைசியில் ஆற்றின் மேல் மரப்பாலம். அவருக்கு முன்னால் சிவப்புச் சட்டை போட்ட ஒரு சீன இளைஞன் மட்டும் இருந்தான். அவன் வேகமாகப் பாலத்தில் ஏறினான், அதைவிட வேகமாக ஆற்றுக்குள் போனான். அண்ணன் முதலில் மஞ்சள் துணி கட்டிய மரத்தைக் கும்பிட்டார். அப்புறம் ஆற்றில் இறங்கி அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக் கரையில் உட்காரவைத்தார். பெட்டியைத் திறந்து ஒரு காயா பன்னைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

பந்தயம் முடிகிற இடம் எங்கள் பந்து விளையாடும் திடல். குறுக்குப் பாதையில் ஓடிவந்து கூட்டத்தோடு நானும் நின்றேன். அண்ணன் தனியாக வருகிறார். என் சைக்கிள் வருகிறது. என் வேலை வருகிறது. எல்லாரும் கத்துகிறார்கள். இரண்டு மூங்கில் நட்டு, நடுவில் கோடு போட்டிருந்தார்கள். மூங்கில் இரண்டிலும் மஞ்சள் துணி.

அவர் இறங்கினார். ஒரு சிலிப்பர் எந்தச் சேற்றிலோ போய்விட்டது. மிச்சம் இருந்த ஒன்றைக் கழற்றினார். தூரத்தில் சிவப்புச் சட்டை தெரிந்தது. நான் ஓடினேன்.

"அண்ணே, அது சாமி இல்லண்ணே. முடியுற கோடு. தாண்டிருங்க."

"தெரியும் தங்கச்சி. எலும்பு ஒடையாம சாமிங்க இம்புட்டுத் தூரம் கொண்டாந்து விட்டுருக்காங்க. ஒரு வார்த்த சொல்லிட்டு வாரேன்லா."

கண்ணை மூடினார். சிவப்புச் சட்டைக்காரன் எங்களைத் தாண்டிக் கோட்டையும் தாண்டிப் போனான். நான் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணனுக்கு ரைஸ் குக்கர் கொடுத்தார்கள். அதில் ஏறி நான் வேலைக்குப் போக முடியாது. சோறு பொங்கலாம் என்றால் எங்கள் லயத்தில் மின்சாரம் வருவதும் போவதும் அதன் இஷ்டம்.

சிவப்புச் சட்டைக்காரன் பரிசுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு எங்களிடம் வந்தான். ஏன் நின்றீர்கள் என்று மலாயில் கேட்டான். அண்ணன் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். முனியாண்டி, முச்சந்தி வேன், சூப்பர்வைசர், நான். எனக்கு முகம் எரிந்தது. அவன் சிரித்தான். அவன் அப்பாவுக்கு ஈப்போவில் சைக்கிள் கடையாம். வீட்டில் சைக்கிள்களைத் தாண்டிக்கொண்டுதான் குளியலறைக்கே போக வேண்டுமாம். அம்மாதான் ரைஸ் குக்கர், ரைஸ் குக்கர் என்று உயிரை எடுக்கிறாராம். நான் இடுப்பில் சுற்றியிருந்த சாரோங்கைப் பார்த்தான், பரிசுச் சைக்கிளின் உயரமான கம்பியைப் பார்த்தான். இது ஆண்ட்டிக்கு ஆகாது என்றான். அண்ணன் குக்கரை அவனிடம் நீட்டினார்; அவன் சைக்கிளையும் குக்கரையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

"ரெண்டையும் கொண்டு போயிட்டானேக்கா" என்றாள் ராமாயி.

அதற்குப் பிறகு நான் கோழி கூவுவதற்கு முன்பே கிளம்பி நடந்தேன். சில நாள் கழித்து ஒரு சாயங்காலம் லயத்துக்குள் சின்ன லாரி ஒன்று வந்தது. ஓட்டியவன் அந்தப் பையன். பக்கத்தில் வழி காட்டிக்கொண்டு கும்பிடு அண்ணன். இருவரும் சேர்ந்து பெண்கள் ஓட்டுகிற சைக்கிள் ஒன்றை இறக்கினார்கள். நடுவில் கம்பி இல்லை. முன்னால் கூடை, சேறு தெறிக்காமல் மட்கார்டு, நிறுத்தி வைக்க ஸ்டாண்டு. புதுசு.

"நான் யார்கிட்டயும் சும்மா வாங்குறதில்லண்ணே."

"சும்மா யாரு குடுத்தா? குக்கருக்கு சைக்கிள்."

"குக்கர் ஒங்களுதுல்ல?"

"எனக்கு எதுக்கு தங்கச்சி? நான் ரொட்டி திங்கிறவன். நீ நேரத்தோட வேலைக்குப் போ, அது போதும்."

அந்தச் சைக்கிளில் வருஷக்கணக்காக வேலைக்குப் போனேன். ஒரு நாள்கூடப் பிந்தவில்லை. இன்றைக்கு என் தலைக்கு மேல் ஒரு கூரை இருக்கிறதென்றால், அது அந்த வேலை நிலைத்ததால் வந்தது. ஆனால் நினைத்தால் முன்னால் வந்து நிற்பது அந்தச் சாயங்காலம்தான். லாரி போய்விட்டது. அண்ணன் குனிந்து சைக்கிள் மணியை இறுக்கிக்கொண்டிருந்தார். அவர் நிமிர்ந்தபோது நான் இரண்டு கையையும் சேர்த்து அவரைக் கும்பிட்டேன்.

அவர் பதறிப்போய்ச் சிலிப்பரைக் கழற்றிவிட்டு, தனக்குப் பின்னால் எந்தச் சாமி வந்து நிற்கிறது என்று திரும்பிப் பார்த்தார்.