வீடு கிடைத்தால் பெண், பெண் கிடைத்தால் வீடு

ஆரியசாலை, திருவனந்தபுரம்
மாசி மாதம், 2004

தக்கலை பாத்திரக் கடை உரிமையாளர், மதிப்பிற்குரிய சொரிமுத்து அண்ணாச்சி அவர்கள் சமூகத்துக்கு, ஆரியசாலை பருப்பு மண்டிக் கணக்கப்பிள்ளை பிச்சையா பணிவுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் என் வீட்டாரும் சுகம். மழை இல்லை, கொசு உண்டு. அவ்விடம் தாங்களும் மதினியும் மகள் ஸ்ரீப்ரியாவும் நலமாயிருக்க மண்டைக்காட்டு அம்மன் துணை புரிய வேண்டும். அம்மன் பெயரை இங்கே எழுதியதற்கு ஒரு காரணம் உண்டு. கடிதத்தைக் கோபப்படாமல் முழுதும் படித்தால் விளங்கும்.

என் அக்காள் மகன் வன்னியராஜுக்குத் தங்கள் மகளைப் பெண் கேட்டு வந்தபோது, "பையன் தங்கம்தான், ஆனா லாட்ஜ்ல நாலு பயக்களோட படுத்துக் கிடக்கானே, முதல்ல வீடு பாருங்க, பிறகு தேதி பேசுவோம்" என்று தாங்கள் சொன்னீர்கள். நியாயமான பேச்சு. குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. ஆனால் அண்ணாச்சி, பையன் வேலை பார்க்கிற கழக்கூட்டம் பக்கம் வாடகைக்கு வீடு தேடுவது என்றால் என்ன என்று தக்கலையில் இருக்கிறவர்களுக்குத் தெரியாது. முதல் வீட்டுக்காரர் எங்களை உட்கார வைத்து எலுமிச்சம் சாறு கொடுத்தார். பையனுக்கு எங்கே வேலை என்றார். ஐ.டி. பார்க்கில் என்றேன். உடனே வாடகையை இரட்டிப்பாகச் சொன்னார். ஐயோ, அவன் கம்ப்யூட்டர்காரன் இல்லை, அந்தக் கட்டடத்துக்கு ஏசி பார்க்கிறவன் என்றேன். உடனே வீடே வாடகைக்கு இல்லை என்று சொல்லிவிட்டார். சாறு மட்டும்தான் மிச்சம்.

அதுக்குப் பிறகு போன இடமெல்லாம் ஒரே பாட்டு. "பேமிலிக்கு மாத்ரம்." பேச்சிலருக்குக் கிடையாது. ஒரு ஆள் நல்லவர், வாடகையும் நம்ம பையன் சம்பளத்துக்கு அடங்கும், அவரிடம் நான் விளக்கமாச் சொன்னேன்: சார், நீங்க வீடு தந்தா நாங்க கல்யாணம் முடிப்போம். அவர் சொன்னார், நீங்க கல்யாணம் முடிச்சுட்டு வந்தா நான் வீடு தருவேன். அண்ணாச்சி, நடுவுல நிக்கிற பையன் எங்க போவான்? நான் அன்னைக்கு பஸ்ஸில வரும்போது இதையே நினைச்சுக்கிட்டு வந்தேன். இந்த ஊருக்குப் பகல்ல அவன் வேணும். ஏசி ஒரு மணி நேரம் நின்னுபோனா அவன் எங்கே எங்கேன்னு போன் மேல போன். சாயங்காலம் ஆயிட்டா அவன் எங்க படுக்கான்னு கேக்க ஒரு ஆள் கிடையாது. அவன் மட்டுமா, ஓட்டல்ல தோசை சுடுறவன், துணிக்கடையில நிக்கிற பிள்ளைங்க, எல்லாருக்கும் இதே கதி. நேர்மையா வேலை பாத்து நேர்மையா வாடகை குடுக்கத் தயாரா இருக்கிற பிள்ளைங்களுக்கு, கதவைத் தட்டுறதுக்கே ஒரு பொண்டாட்டி வேணும்னா என்ன நியாயம் இது! எனக்கு வயிறு எரியுது.

இப்போ விஷயத்துக்கு வாறேன். கழக்கூட்டம் போற வழியில, ஸ்ரீகாரியம்ங்கிற ஊர்ல லீலாபாய் டீச்சர்னு ஒரு அம்மா, ரிட்டயர் ஆன ஹெட்மிஸ்ட்ரஸ், அவங்க வீட்டு மாடியில ரெண்டு ரூமும் ஒரு அடுக்களையும், கிணத்துத் தண்ணி கல்கண்டு. வாடகையும் கைக்கு அடக்கம். நம்ம பையன் நேரா அடுக்களைக்குப் போய் நின்னுக்கிட்டு, "காலையில இங்க வெயில் வருமா மாமா?"ன்னு கேட்டான். ஸ்ரீப்ரியாவுக்குக் குளிர் ஒத்துக்கிடாது, சளி பிடிச்சுக்கிடும்னு பெண் பார்க்க வந்த அன்னைக்கு மதினி ஒரு வார்த்தை சொன்னாங்கல்லா, அது அவன் மனசுல கிடக்கு. அந்த நேரம் பார்த்து டீச்சர், "கல்யாணம் கழிஞ்ஞோ?"ன்னு கேட்டாங்க. அவன் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தான். நான் முந்திக்கிட்டு, முடிஞ்சாச்சுன்னு சொல்லிட்டேன். பொண்ணு எங்கேன்னாங்க. தக்கலையில, பிறந்த வீட்டுலன்னேன். அப்பா யாருன்னாங்க. பொய் சொல்லுறவனுக்கு விலாசத்தையாவது மாத்திச் சொல்லுற புத்தி வேணாமா? உங்க பேரு, கடை, தெரு, கடை எதிர்க்க இருக்கிற மருந்துக்கடை வரைக்கும் ஒப்பிச்சுட்டேன். டீச்சர் சந்தோஷமா, "ஞான் மண்டைக்காட்டுக்கு ஒடுக்கு பூஜைக்குப் போகுந்நுண்டு, வழியில இறங்கி பெண்குட்டியைப் பார்த்துட்டு வந்து சாவி தராம்"னு சொல்லிட்டாங்க.

வெளியே வந்ததும் பையன் என்னைப் பிடிச்சு ஏசு ஏசுன்னு ஏசிட்டான். "அந்தப் பிள்ளை பேரை வச்சு எதுக்கு மாமா பொய் சொன்னீங்க? நான் போய் உண்மையைச் சொல்லிருதேன்"னு திரும்பிப் போனவனை நான்தான் சட்டையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன். அதனால அண்ணாச்சி, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கேன். செவ்வாய்க்கிழமை, அதான் அம்மன் கொடை முடியுற ஒடுக்கு பூஜையன்னைக்கு, பெரிய கறுப்புக் குடையோட ஒரு அம்மா வருவாங்க. ஆமா, முடிஞ்சாச்சுன்னு ஒரே ஒரு வார்த்தை. வாய் வரலைன்னா அன்னைக்குக் கடையைப் பூட்டிட்டுப் போயிருங்க. பங்குனி பிறந்தா யாரோ ஒரு துபாய் மாப்பிள்ளை வீட்டார் ஸ்ரீப்ரியாவைப் பார்க்க வாராங்கன்னு காதுல விழுந்தது. அவங்களுக்குச் சொந்த பிளாட்டு இருக்கு. எங்க பயலுக்கு இந்த மாடி கிடைச்சாத்தான் பேச்சே. ஸ்ரீப்ரியாவை விட்டா அவன் இன்னொரு பொண்ணைப் பார்க்க மாட்டான், எனக்குத் தெரியும்.

மதினிக்கு என் வணக்கம். பிள்ளைக்கு ஆசீர்வாதம். கடையில வியாபாரம் பெருகட்டும், பித்தளை விலை ஏறட்டும். தப்பா எழுதியிருந்தா உங்க தம்பியா நினைச்சுப் பொறுத்துக்கிடுங்க.

இப்படிக்கு,
பிச்சையா

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது லீலாபாய் டீச்சரே குடையோட மண்டிக்குள்ள வந்து நிக்காங்க. பூஜையன்னைக்குக் கூட்டம் தாங்காதுன்னு முந்தியே போயிட்டு வந்துட்டாங்களாம். உங்களையும் பார்த்தாச்சாம், மண்டி விலாசமும் நீங்க தந்ததுதானாம். கல்யாணம் இன்னும் ஆகலையேன்னு நீங்க உள்ளதைச் சொல்லிட்டீங்களாம். "அப்போ அந்தப் பையன் கள்ளம் சொல்லுறவன்"னு டீச்சர் எழுந்திருச்சாங்களாம். அதுக்கு நீங்க, "உட்காருங்கம்மா, அவன் பொய் சொல்லுற பையன் இல்ல, அவன் மாமன் சொல்லியிருப்பான். அவன் எங்க வீட்டு மருமகன்தான், தேதி ஒண்ணுதான் குறிக்கணும்"னு சொன்னீங்களாம். ஸ்ரீப்ரியா காபி கொண்டுவந்து குடுத்துச்சாம். அண்ணாச்சி, எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. என் முன்னால சொல்லாத வார்த்தையை, முன்னப்பின்ன தெரியாத ஒரு அம்மாகிட்ட சொல்லியிருக்கீங்க.

மேலே எழுதினதை எல்லாம் கிழிச்சுப் போட்டுட்டுத் தேதி குறிங்க. டீச்சர் வீட்டை உறுதி பண்ணிட்டாங்க. ஒரே ஒரு கண்டிஷன்தான்: பொய் சொன்ன மாமன் அந்த வீட்டுப் படியை மிதிக்கப்படாது. நான் சம்மதிச்சுட்டேன். பால் காய்ச்சுற அன்னைக்கு நான் ரோட்டுல நின்னுக்கிடுதேன், ஒரு டம்ளர் கீழே கொடுத்தனுப்பச் சொல்லுங்க.